அனர்த்த தண்டமும் பழைய கொலை வழக்குகளும்



இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் குணவிரதங்கள் மூன்று. அவற்றுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதத்தின் பெயரை அறியாதார் நம்முள் இலர்; அதன் பொருளை ஆழ்ந்து எண்ணுவோர் சிலரே. யாதொரு பயனுமின்றி மனத்தாலும் மொழியாலும் உடலாலும் பாவத்தை ஈட்டுவதிலிருந்து விலகுதலே அவ்விரதம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இப்பயனில் பாவத்தை ஐவகைப்படுத்தினார். பாவத்திற்கு வழி கூறுதல், கொலைக் கருவிகளை வழங்குதல், வீணே நீரையும் நிலத்தையும் செடிகொடிகளையும் நலித்தல் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரிவன. எஞ்சிய இரண்டாகிய அபத்தியானமும் துச்சுருதியும் கண்ணுக்குத் தெரியா. பிறர்க்குக் கேட்டை எண்ணி எண்ணி மனத்தை ஓட்டுதல் முன்னது. மனத்தை மாசுறுத்தும் கதைகளைக் கேட்டல் பின்னது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் பணி ஓய்வு பெற்ற பெரியோரும், கல்லூரியில் பயிலும் இளைஞரும் ஒருங்கே ஈடுபடும் பொழுதுபோக்கு ஒன்றுண்டு. பழைய கொலை வழக்குகளையும், கடலில் மூழ்கிய பெருங்கப்பல்களையும் எடுத்துக்கொண்டு, "இன்னார்தாம் செய்திருப்பார்" என்று துப்புத் துலக்குவதே அது. "மாண்டவர் மாண்டார், வழக்கும் முடிந்தது, இதனால் எவ்வுயிர்க்கு என்ன துன்பம்?" என வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆதலின் விடையும் விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. திரைப்படக் கலைஞர்களின் அந்தரங்கங்களைச் 'சினிமா தூது' என்னும் இதழிலும், அது நின்றபின் 'இந்து நேசன்' இதழிலும் எழுதி வந்தவர் அவர். மெய்யோ பொய்யோ, பிறர் மறைவை வெளியிடுவதே அவ்விதழ்களின் சரக்கு. அதனைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் யார்? நம் பாட்டனார் காலத்து மக்களே. 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் மருத்துவமனையில் அவர் உயிர் துறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் இருவர்க்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீடும் பயனற்றது. பின்னர் லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. இரண்டாண்டுகளுக்கு மேல் சிறை! 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்த நாளில் உள்ளே சென்ற பாகவதர்க்கு, வெளியே வந்தபின் அப்பழைய புகழ் திரும்பவேயில்லை, 1959இல் காலமானார். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று கூறி முக்கால் நூற்றாண்டு கடந்தும், "என்ன இருந்தாலும்..." என்று இழுத்துப் பேசும் நாவுகள் இன்றும் உள. தீர்ப்பை மாற்றி எழுத இவர்களுக்கு அதிகாரம் வழங்கியவர் எவர்?

அயலூர் எதற்கு? நம் பூந்தமல்லியிலேயே அமைந்த தனி நீதிமன்றம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சாட்சிகளை நேரிற் கண்டு, ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த நீதிபதிகளிடையேயே இத்துணை வேறுபாடெனின், திண்ணையில் அமர்ந்து வழங்கும் தீர்ப்பின் தரம் யாது? பொற்கொல்லன் சொல்லொன்றையே சான்றாகக் கொண்ட பாண்டியன் கதையை இளங்கோவடிகள் நமக்கு உரைத்தது வீணோ?

கப்பல் செய்தியும் இத்தகையதே. 1912இல் டைட்டானிக் மூழ்கி ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அதில் உயிர்நீத்த அதிகாரி வில்லியம் மர்டாக் என்பவர், பயணிகளைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டதாக 1997இல் வந்த திரைப்படம் காட்டியது. உறுதியான சான்று இல்லை, வதந்தியே அடிப்படை. அவர் பிறந்த ஸ்காட்லாந்துச் சிற்றூரான டால்பீட்டியின் மக்களும் உறவினரும் மனம் நொந்தனர். 1998இல் பட நிறுவனத்தின் அதிகாரி அவ்வூருக்கே சென்று வருத்தம் தெரிவித்து, பள்ளியின் நினைவுப் பரிசு நிதிக்கு 5,000 பவுண்டு வழங்கினார். மாண்டு 86 ஆண்டுகள் ஆன ஒருவர்பொருட்டு உயிரோடிருப்போர் வருந்தினர் என்பதை, "எவ்வுயிர்க்கு என்ன துன்பம்" என்போர் எண்ணுக.

கப்பலைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று நாம் கூறவில்லை. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை நம் மக்களைச் சுமந்து சென்ற 'ரஜூலா' கப்பலின் பயணங்களைப் பெரியோர் கூறக் கேட்பது அறிவையும் அன்பையும் வளர்க்கும். டைட்டானிக்கில் அனைவர்க்கும் போதிய உயிர்காப்புப் படகுகள் இல்லாமையை அறிவது, உயிர்களைக் காக்கும் வழியை அறிவதேயாம். கொலையுண்டவன் பட்ட வேதனையைச் சுவைத்தலும், சான்றின்றி ஒருவர் தலையில் பழியை ஏற்றுதலுமே நாம் விலக்குவன. கொலையை எண்ணி மகிழ்தலை இரௌத்திர தியானத்தின் முதல் வகையாக நூலோர் வைத்தனர்.

யசோதர காவியத்தை நினைவு கூர்க. மன்னன் யசோதரனும் தாய் சந்திரமதியும் தேவிக்குப் பலியிட்டது உயிர்க் கோழியன்று. மாவினாற் செய்த கோழி. உயிரொன்றும் மாளவில்லை. எனினும் கொல்லும் எண்ணம் உள்ளத்தில் நின்றது. அதன் பயனாக மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, மேலும் பல பிறவிகளில் இருவரும் அல்லலுற்றனர். பழைய வழக்கைப் பேசுவோர் கையிலிருப்பதும் ஒரு மாக்கோழியே.

வரும் தசலட்சண பருவத்தின் சத்திய தருமநாளில், கோயில்களில் கூடும் குடும்பத்தினர் இதனை நியமமாக ஏற்கலாம். வாழ்நாள் முழுதும் ஏற்க இயலாதோர், ஒரு திங்களென்றோ ஒரு சாதுர்மாசமென்றோ கால அளவு வகுத்துக்கொள்ளவும் நூல்களில் இடமுண்டு. இளைஞர்க்குக் கட்டளையாக இதனை இடாமல், பெரியோர் முதலில் தாமே ஏற்று, மாலைச் சாமாயிகத்திற்குப்பின் அன்று பேசியவற்றைத் தம்முள் எண்ணிப் பார்ப்பாராக.