பந்தும் புத்தகமும்



மாலை வேளையில் திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தின் பக்கம் போயிருக்கிறீர்களா? பந்தை உதைக்கும் பிள்ளைகளைக் காணும்போது மனம் பூரிக்கும். அவர்களுள் கெட்டிக்காரன் ஒருவனைக் கழகமொன்று பணம் தந்து அழைத்தால் என்ன செய்வது? கடற்றொழிலையோ துறைமுகக் கூலியையோ நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தப் பணம் அற்பமானதல்ல. "விளையாட்டை விட்டுவிட்டுப் படி" என்று சொல்வது எளிது. அது எப்போதும் நீதியாகாது.

இக்கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. அமெரிக்கக் கல்லூரிகள் தம் மாணவ வீரருக்கு நேரடியாகவே பணம் கொடுக்க 2025 யூன் மாதத்தில் அங்குள்ள நீதிமன்றம் வழிவிட்டது. உழைப்பவனுக்குக் கூலி நியாயமே. எனினும் முழங்காலில் பட்ட ஓர் அடி ஆட்டத்தை முடித்துவிடலாம். அடிபடாதவர்களிலும் பெரும்பாலார் முப்பத்தைந்து வயதுக்குள் ஓய்ந்துவிடுகின்றனர். அதன்பின் எஞ்சிய காலத்துக்கு எதை நம்புவது?

நமக்கு வழிகாட்டிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட் அடிகளார், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15இல் காணாமற்போன அவரே, இளைஞருக்குக் கைத்தொழில் பயிற்றும் தொழில்நுட்ப நிறுவகத்தையும் நடத்தியவர். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயின்றார், வங்கியில் பணியாற்றினார், 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடினார், அவுஸ்திரேலியாவிலும் கழக ஆட்டம் ஆடினார். ஒன்றுக்காக மற்றதை அவர் கைவிடவில்லை.

படிப்பு கெட்டால் பையனை மட்டும் குறைசொல்லாதீர்கள். கிண்ணத்துக்காக அவனை வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லும் பாடசாலை, அவன் காலால் பெயர் பெறும் கழகம், அவன் உழைப்பில் உண்ணும் வீட்டார் ஆகிய எல்லோருமே அவனுக்குக் கடன்பட்டவர்கள். அவன் சாதாரண தரப் பரீட்சையில் தவறிவிட்டால், அலுமாரியில் மின்னும் கிண்ணத்தைப் பார்த்து நாம் பெருமைப்படலாமா?

பெற்றாரே, கையொப்பமிடுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைக்கு விடுப்பு உண்டா? காயப்பட்டால் யார் பொறுப்பு? பதில் சொல்லத் தயங்குவோரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். பணம் வந்தால், முதற் பங்கை அவன் படிப்புக்கென ஒதுக்கி வையுங்கள். அது அவனுடைய உழைப்பு. அவன் நாளைக்கே அது சேரவேண்டும்.