பை டூ காபி

தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு சிக்க கடியாரம் பக்கம் வந்தோம். மழை தூறியது. பக்கத்து ஹோட்டலில் ஒதுங்கி பை டூ காபி சொன்னோம். மைசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுப்பார்கள். முப்பது வருஷமாக நானும் என் நண்பனும் அப்படித்தான் குடிக்கிறோம். அன்றைக்கு ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"ராத்திரி தூங்குறியாடா?"

அம்மா போன பிறகு இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட போனேன்டா. மனசுக்கு மாத்திரை குடுத்திருக்கார்" என்றேன், டம்ளரைப் பார்த்தபடி.

"எனக்கு சுகர் மாத்திரை, உனக்கு மனசு மாத்திரை. டப்பா மாறிடாம பாத்துக்கணும், அவ்ளோதான்."

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மனநோயை வைத்துச் சிரிப்பது நமக்குப் புதிதல்ல. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிச் சிரித்தவர்கள் நாம். சினிமாவிலும் அதைக் கேட்டுக் கைதட்டினோம். சாரதா மேனன் என்ற மருத்துவர் 1961 முதல் 1978 வரை சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்தார். நோய் தணிந்தவர்கள் மறுபடி வீடும் வேலையுமாக வாழ வேண்டும் என்பதற்காக 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர்ப் பெயரை வசையாக்கத்தான் தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. என் நண்பனின் சிரிப்பு வேறு. தன் மாத்திரையையும் என் மாத்திரையையும் ஒரே மேஜையில் வைத்த சிரிப்பு அது.

இந்த மைசூரிலேயே வாழ்ந்து எழுதிய ஆர். கே. நாராயண் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவார். அவர் முதல் நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. மனம் வெறுத்து, கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். பூர்ணா அதை ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோனார். கிரீனின் பரிந்துரையால் 1935இல் அது 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று வெளிவந்தது. சோர்ந்தவன் சொல்வதையெல்லாம் அப்படியே செய்யாதவர்தான் நண்பர் என்று எனக்குப் புரிந்தது இந்தக் கதையில்தான். 1939இல் மனைவி ராஜம் டைஃபாய்டில் இறந்தபோது நாராயண் நொறுங்கிப்போனார். கையில் சின்னஞ்சிறு மகள். வெகுநாள் எழுத முடியவில்லை. சிரிக்க வைப்பதற்கே பெயர் வாங்கியவர் அந்தத் துக்கத்தை ஒளித்துவைக்காமல் 1945இல் 'தி இங்கிலிஷ் டீச்சர்' நாவலாக எழுதினார்.

நண்பன் மருத்துவருக்கு மாற்றல்ல. அது என் நண்பனுக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்கே என் போனை வாங்கி 14416 என்ற எண்ணைப் பதிந்தான். 2022 அக்டோபரில் வந்த 'டெலி மானஸ்' அரசு உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

"என்ன பேர் போட?" என்றான்.

"நடுராத்திரி மாமான்னு போடு" என்றேன்.

ஹோட்டல்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். மாமாவை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன். இப்போது தூக்கம் வருகிறது. எல்லா ராத்திரியும் இல்லை.

போன வாரம் அதே மேஜை, அதே பை டூ. இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"நீ தூங்குறியாடா?"

சட்டென்று பதில் சொல்லத் தெரிந்தவன். டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். காபி ஆறியது. நான் காத்திருந்தேன்.