அளவு எடுக்கிறவளின் மேசை

தையல் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். எத்தனை வகைத் தையல் விழும், ஜிக்ஜாக் வருமா, காஜா எடுக்குமா, மோட்டாருக்கு எத்தனை வருஷ வாரண்டி, பாபினை மேலிருந்து போடுவதா பக்கத்திலிருந்து போடுவதா என்று கேட்பார்கள். அதை எதன் மேல் வைத்துத் தைப்பது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில்தான் சாப்பாட்டு மேசை இருக்கிறதே! இப்போது வருகிற மோட்டார் மெஷின்களை ஒரு பெண்ணே ஒற்றையாளாகத் தூக்கிவிடலாம். எங்கே வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம் என்பதுதான் அவற்றின் பெருமை. ஆனால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிற பொருளுக்கு வீட்டில் நிரந்தர இடம் கிடைப்பதில்லை.

கால்மெஷின் காலத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை. மெஷினும் மேசையும் ஒன்றாகவே வந்தன. வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, அதன் மேல் மரப்பலகை, பலகையில் மெஷின் அமர்வதற்கென்றே வெட்டிய பள்ளம். பழைய பெரிய மெஷின்களின் அடித்தட்டு ஏறத்தாழ பதினாலரை அங்குல நீளமும் ஏழு அங்குல அகலமும் இருக்கும். அந்த அளவுக்குப் பள்ளம் வெட்டிப் பின்பக்கம் இரண்டு கீல் போட்டிருப்பார்கள். எண்ணெய் விட வேண்டுமென்றால் மெஷினைப் பின்னால் சாய்த்தால் போதும். நிமிர்த்திவிட்டால் பலகையும் மெஷினும் ஒரே மட்டம்; துணி எங்கும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போகும். மிதிக்கு மேலே பெரிய சக்கரம், சக்கரத்திலிருந்து பலகையின் இரண்டு துளைகள் வழியாக ஏறி இறங்கும் தோல் பெல்ட், சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்க ஒரு தடுப்பு, பக்கத்தில் ஊசியும் நூல்கண்டும் போட ஓர் இழுப்பறை. உட்கார்ந்து தைக்கிற உடம்புக்கு என்னென்ன வேண்டும் என்று யாரோ யோசித்துச் செய்த மேசை அது. எந்த வீட்டில் வைத்தாலும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. நினைத்தால்கூட அவ்வளவு எளிதில் நகர்த்த முடியாது. அந்தக் கனம் ஒருவகையில் தைக்கிறவளுக்கு அனுகூலமாக இருந்தது.

ஆரம்பத்தில் மேசைக்கென்று தனியாகக் காசும் கிடையாது. 1851-இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற மெஷின் மரப்பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்டது. வந்து சேர்ந்ததும் அந்தப் பெட்டியே மெஷினைத் தாங்கும் மேடையானது. எந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியும் 1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்பவரோடு பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துப் படுகிற பாட்டைப் பார்க்கச் சகியாமல், அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையான சிங்கர் அப்படிப்பட்ட கணவர் இல்லை. ஒரே சமயத்தில் பல குடும்பங்களை நடத்தியவர். மெஷினில் அவர் பார்த்தது லாபம்தான். ஆனாலும் காந்தி சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு எந்திரத்தைப் பார்த்ததும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளின் முதுகு அவர் நினைவுக்கு வந்திருக்கிறது.

அந்த முதுகைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடலாம். சாப்பாட்டு மேசையின் உயரம் பொதுவாக முப்பது அங்குலம். அதன் மேல் வைக்கிற மோட்டார் மெஷினில் துணி நகரும் தட்டு இன்னும் மூன்றரை அங்குலம் மேலே இருக்கும். ஆகமொத்தம் தரையிலிருந்து முப்பத்து மூன்றரை. ஐந்தடி உயரமுள்ள பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையை மடக்கினால் முழங்கை ஏறத்தாழ இருபத்தாறு அங்குலத்தில் நிற்கும். துணி முழங்கை மட்டத்திலோ, ஓரிரு அங்குலம் மேலோ இருந்தால்தான் தோள் தளர்ந்திருக்கும். இங்கே ஏழு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே தைக்கிறாள். சாயங்காலம் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது, தைலம் தேய்க்கிறாள். "எந்நேரமும் மெஷினிலேயே உட்கார்ந்தா அப்படித்தான்" என்கிறார்கள் வீட்டில். மெஷின் மேல் பழி விழுகிறது. மேசை தப்பித்துக்கொள்கிறது.

தையலும் கெடுகிறது. சேலைக்குப் பிக்கோ அடிக்கும்போது ஐந்தரை மீட்டர் துணியும் மேசை விளிம்பிலிருந்து தொங்கினால் அதன் பாரம் ஊசியை இழுக்கும். இழுபட்ட ஊசி வளைந்து அடித்தட்டில் இடித்து முறியும். துணியின் பாரத்தை இடது பக்கமும் பின்பக்கமும் பலகை தாங்க வேண்டும். ஜாக்கெட் தைக்கும்போது தெரியாத இந்தக் குறை திரைச்சீலை, போர்வை உறை என்று வரும்போது பல்லைக் காட்டும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். மத்தியானம் ஒரு மணிக்கு நடப்பதைத்தான் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பாட்டு நேரம். கை பொருத்திக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் பாதியில் நிறுத்தி ஊசியைத் தூக்கிவிட்டு, நூலை அறுத்து, வயரைச் சுருட்டி, மெஷினைத் தரையில் இறக்கி, வெட்டிய துண்டுகளைக் கலைந்துவிடாமல் ஒரு பையில் போட்டு, சாப்பிடுகிறவர் கையில் குத்தாதபடி குண்டூசிகளைப் பொறுக்கி, ஈரத்துணியால் மேசையைத் துடைத்துப் பிறகு தட்டு வைக்கிறாள். எல்லாரும் எழுந்துபோன பிறகு இத்தனையும் தலைகீழாக நடக்க வேண்டும். இதே வீட்டில் மகன் லேப்டாப்பை விரித்து வைத்து வேலை பார்த்தால், "அவன் வேலை பார்க்கிறான், தட்டைக் கையில வாங்கிக்கோ" என்பார்கள். அவன் மேசை கலைவதில்லை. எந்த வேலை சாப்பாட்டுக்காக ஒதுங்க வேண்டும், எந்த வேலைக்காகச் சாப்பாடு ஒதுங்க வேண்டும் என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. அது மேசையின் மேல் தானாகத் தெரிந்துவிடுகிறது.

மெஷினை நினைத்து மேசையை மறப்பது அரசாங்கத்துக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. ஆதரவற்ற பெண்களும் கணவரை இழந்தவர்களும் அதில் பயனடைகிறார்கள். நல்ல திட்டம், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் மனசு சங்கடப்படும். ஒற்றை அறை வாடகை வீடு. கட்டில், பீரோ, அடுப்பு, தண்ணீர்க் குடம், நடுவில் மெஷின். தைக்காத நேரத்தில் அதன் மேல் பள்ளிக்கூடப் பை ஏறும், துவைத்த துணி ஏறும், ஒருநாள் இட்லிப் பானையும் ஏறும். மெஷினுக்கு மேசை கேட்டு நின்றவளின் வீட்டில் மெஷினே மேசையாகிவிடுகிறது. நான்கடிக்கு ஒன்றரை அடி, அதாவது ஆறு சதுர அடி இடம் அவளுக்கு வேண்டும். அதை எந்தத் திட்டத்திலும் சேர்த்துக் கொடுக்க முடியாது. வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிற ஒருவர் மேசை செய்யக் கொடுத்தபோது நானும் அங்கே இருந்தேன். ஆசாரி டேப்பை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு உயரம் வேணும்க்கா?"

"எல்லாருக்கும் போடுற மாதிரி போடுங்கண்ணே."

"எல்லாரும் வந்தா தைக்கப்போறாங்க? நீங்கதானே தைக்கப்போறீங்க. உட்காருங்க. தோளைத் தூக்காதீங்க, சும்மா இருங்க."

தரையிலிருந்து முழங்கைக்கு அளந்தார். இருபத்தாறு. ஒன்றரை அங்குலம் கூட்டினார், மெஷின் தட்டின் உயரம் மூன்றரையைக் கழித்தார். "இருபத்திநாலு போதும்க்கா. முன்னால சட்டம் வைக்க மாட்டேன், தொடை இடிக்கும். பின்னாலயும் ரெண்டு பக்கமும் குறுக்குச் சட்டம் அடிச்சாத்தான் ஆடாது." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த எண்ணைப் பலகையிலேயே எழுதினார்.

அந்த அம்மா கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். அவர் பக்கத்திலேயே அளவு நோட்டு கிடந்தது. தெருவில் பாதிப் பெண்களின் மார்பளவு, இடுப்பளவு, தோள், கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து எல்லாம் அதில் கால் அங்குலம் பிசகாமல் எழுதியிருக்கும். அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "போன தடவை கைக்குழி பிடிச்சுது, கொஞ்சம் லூசா விடுங்க" என்று உரிமையோடு சொல்லிவிட்டுப் போவார்கள். யாருக்கு எங்கே பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு எங்கே பிடிக்கிறது என்று அன்றுவரை யாரும் கேட்டதில்லை. அவரும் தம்மை அளந்துகொண்டதில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாருக்கும் பொதுவான அளவில் கிடைப்பதை வாங்கிக்கொண்டு, உடம்பை அதற்குத் தக்கபடி குறுக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் மற்றவர்களுக்கு அளவு பார்த்துச் செய்து கொடுக்கிறவர்கள்தான். சமைக்கிறவளுக்கு அடுப்பு மேடை, துவைக்கிறவளுக்குத் துவைக்கிற கல், தைக்கிறவளுக்கு இந்த மேசை. எந்த வீட்டில் இவற்றை அவள் உயரம் கேட்டுக் கட்டியிருக்கிறார்கள்?

தொழிற்சாலையில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். திருப்பூரில் பவர் டேபிள் போட்டிருக்கிற கூடங்களில் மெஷின் பலகைக்குள் புதைந்திருக்கும், மோட்டார் கீழே இருக்கும், நூல் ஸ்டாண்டு தனியாக நிற்கும். ஸ்டாண்டின் கால்களில் துளை வைத்திருப்பார்கள், போல்ட்டைத் தளர்த்தினால் ஏற்றலாம், இறக்கலாம். வசதி இருக்கிறது. ஆள் மாறும்போது ஸ்பேனரை எடுக்கிற சூப்பர்வைசர்தான் அபூர்வம்.

சரி, குறைந்த செலவில் மேசைக்கு என்ன வழி? முதல் வழி பழைய கால்மெஷின் ஸ்டாண்டு. பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் துருவேறிக் கிடக்கும், இல்லாவிட்டால் காயலாங்கடையில் எடைக்குக் கிடக்கும். பலகை உளுத்திருந்தாலும் இரும்பு அப்படியே இருக்கும். துருவைத் தேய்த்து, புதுப் பலகை மாட்டினால் ஆயுசுக்கும் ஆடாத மேசை தயார். நகரத்தில் இப்போது இந்த ஸ்டாண்டுகளுக்குத் திடீர் மவுசு. மேலே கிரானைட் போட்டுக் காபிக் கடையில் வைக்கிறார்கள். மிதியின் மேல் ஷூவை வைத்துக்கொண்டு காபி குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தைக்கிறவள் சாப்பாட்டு மேசையில் தைக்க, தைக்கிற மேசையில் ஊர் சாப்பிடுகிறது!

ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் பிளைவுட். எட்டுக்கு நான்கடி ஷீட்டில் கால்வாசி எடுத்தால் நான்கடிக்கு இரண்டடி வரும், இடம் இருந்தால் இந்த அளவு தாராளம். பத்தொன்பது மில்லி கனம் வேண்டும், மெலிந்தது அதிரும். வீடு இடித்த சாமான் விற்கிற கடையில் பழைய ஜன்னல் கதவோ நிலைக்கதவோ கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய மரம் கனமாக இருக்கும், கனம்தான் அதிர்வைக் குடிக்கும். பிளாஸ்டிக் மேசை கண்டிப்பாக வேண்டாம். வேகம் ஏற ஏற மெஷின் அதன் மேல் நடக்க ஆரம்பிக்கும். துணி பரவ இடம் போதவில்லையா, மெஷின் வந்த பெட்டியின் தெர்மாகோலையே மெஷின் தட்டின் உயரத்துக்கு அடுக்கி ஒட்டி, இடது பக்கம் வைத்து, மேலே வழவழப்பான மைக்கா ஷீட் ஒன்றைப் போட்டுவிடலாம். சேலையின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும்.

மேசையே வாங்க வழியில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல முடியும். மேசையை இறக்க முடியாவிட்டால் ஆளை ஏற்றலாம். நாற்காலியில் கெட்டியான மெத்தையோ பலகையோ போட்டு நான்கைந்து அங்குலம் உயர்த்துங்கள். கால் தரைக்கு எட்டாமல் தொங்கினால் தொடை மரத்துப்போகும். அதனால் அதே உயரத்துக்குக் காலடியிலும் ஒரு பலகைப் பெட்டி வைத்து, மிதிக்கிற பெடலை அதன் மேல் வையுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. கழுத்து வலி பாதி குறைந்துவிடும்.

வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிற ஜன்னலோரம் கிடைத்தால் உத்தமம். அந்த இடத்தில் இப்போது டிவி இருக்கலாம், யாருடைய சாய்வு நாற்காலியோ இருக்கலாம். அதை நகர்த்துவதற்குத் தச்சர் வேண்டாம், காசும் வேண்டாம். புது மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தைக்கப் போகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.