மறைப்பது அன்பாகுமா?

கெடாவின் தென்பகுதியிலுள்ள செர்டாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த இளைஞன் ஒருவன், சாலை விபத்தில் ஒரு காலை இழந்துவிட்டான் எனக் கொள்வோம். எலும்பினுள் உலோகத் தண்டைப் பொருத்திச் செயற்கைக் காலை இணைக்கலாம் என்கிறார் மருத்துவர். அதன் இடர்களை அவர் கூறத் தொடங்குமுன், "பிள்ளையிடம் சொல்லாதீர்கள் ஐயா, பயந்துவிடுவான்" எனத் தாய் வேண்டுகிறாள். இது அன்புதான், ஆனால் அறமாகுமா?

டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் இயல்பைச் சுவீடன் அறிஞர் பிரோனமார்க் 1950களில் கண்டறிந்தார். காலிழந்தோர்க்கு அம்முறை அந்நாட்டில் 1990இல் கைவந்தது. பயன் பெரிது, இடரும் உண்டு. அறுவையால் குருதிக்குழாய் காயமுறுகிறது; படுத்தே கிடப்பதால் குருதியோட்டம் தளர்கிறது; குருதி உறையும் தன்மையும் மிகுகிறது. நாளத்தில் உண்டான குருதிக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே கேடாகலாம். உறைதடுப்பு மருந்தும் விரைவில் எழுந்து நடமாடுதலும் இவ்விடரைக் குறைக்குமேயன்றி அடியோடு ஒழிப்பதில்லை.

அச்சம் நோயாளியைத் தளர்த்தும் என்பது மெய்யே. ஆயினும், இக்கட்டி வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்தும் தோன்றக்கூடும். அங்கே மருத்துவரும் தாதியும் இலர். கால் வீக்கமும் திடீர் மூச்சுத்திணறலும் எதன் அறிகுறி என்பதை அறிந்தவனே மருத்துவமனைக்கு விரைவான். அறியாதவன் களைப்பென்று எண்ணிப் படுத்திருப்பான். ஆகவே, இங்கு உண்மையும் ஒரு மருந்தே. மேலும், ஹெப்பாரின் எனும் உறைதடுப்பு மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து பெறப்படுகிறது. அதனை ஏற்பதா, மாற்று மருந்து கேட்பதா எனத் தன் சமய நெறிக்கேற்ப முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டன்றோ?

முதுகெலும்பு அறுவைக்குப்பின் உடல் செயலிழந்த பெண்ணொருவரின் வழக்கில், 2006 டிசம்பர் 29ஆம் நாள் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் இவ்வுரிமையை உறுதிசெய்தது. எவ்வளவு சொன்னால் போதும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டுமே முடிவுசெய்யலாகாது. நோயாளி தன் முடிவுக்கு முதன்மையாகக் கருதக்கூடிய இடர் அவருக்குக் கூறப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனும் மருந்தும் அருகிருந்து பேணுபவனும் பின்னரே வருகின்றனர். முதலில் நிற்பவனை இருளில் நிறுத்திவிட்டு ஏனைய மூவரும் கூடிப் பேசுவது முறையன்று. உண்மையைக் கனிவோடு கூறுக. கூறியபின் அவன் கையைப் பற்றிக்கொள்க. தாயின் அன்பு செய்யவேண்டிய பணி அதுவே.