சிறு எந்திரமும் போதுமென்ற மனமும்

சிக்கனம் என்பது வண்டியின் குணமா, அதை உடையவனின் குணமா?

2005ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் சிறு சரக்கு வண்டியை வெளியிட்டது. இரண்டே சிலிண்டர் கொண்ட 702 சி.சி. டீசல் எந்திரம், 16 குதிரைத் திறன், ஏற்றத்தக்க சுமை 750 கிலோ. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். பெரிய லாரி நுழையாத இராயபுரத்துத் தெருக்களில் காசிமேட்டு மீனைக் கொண்டு செல்ல இதுவே போதும். முதலும் குறைவு, எரிபொருளும் குறைவு. ஆகவே கூலிக்கு ஓட்டியோர் பலர் சொந்த வண்டிக்காரர் ஆயினர்.

ஆனால், அதில் 1,500 கிலோ ஏற்றினால்? எந்திரம் திணறி எரிபொருளைக் கூடுதலாய்க் குடிக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கும் தூரம் நீளும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச்சாலையில் அத்தூரம் ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானது. ஒரு நடையை மிச்சம் பிடித்த லாபம் உடையவனுக்கு மட்டும். ஆபத்தோ வழிச்செல்வோர் அனைவருக்கும். இதைச் சிக்கனம் என்பது தகுமா?

வாயில்லாப் பிராணியின் மீது தாங்காச் சுமை ஏற்றலாகாது என்று நம் மார்க்கம் கற்பித்தது. எந்திரத்திற்கு வலியில்லை, ஆயினும் மிகைச்சுமையின் வலி மனிதனையே வந்தடைகிறது. ‘கனாஅத்’ என்னும் போதுமென்ற மனம் உடையவனிடம் இருந்தாலன்றோ சிறு எந்திரம் சிக்கனமாகும்!