உயிர் உடலெங்கும் நிறைந்தது



மனிதரின் நோய்க்குக் காரணம் தேடும் ஆய்வாளர் எலியின் மரபணுவை மாற்றுகின்றனர். ஒரு மரபணுவை உடல் முழுவதும் நீக்கினால் குட்டி கருவிலேயே மடிவதும் உண்டு. ஆதலின் ஓர் உறுப்பில் மட்டும் அதனை நீக்கும் வழியை நாடினர். 1994ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் கிளாவுஸ் ராயெவ்ஸ்கி குழுவினர், நோயை எதிர்க்கும் டி-செல்களில் மட்டும் ஒரு மரபணுவை நீக்கிக் காட்டினர். மரபணுவின் இருபுறமும் 'லாக்ஸ்-பி' என்னும் குறிகளை வைப்பர். 'கிரீ' என்னும் நொதி எங்கு உண்டாகின்றதோ அங்கு மட்டும் இடைப்பகுதி வெட்டுண்டு நீங்கும்.

"வெட்டு ஓர் உறுப்பில்தானே?" என்று கேட்கத் தோன்றும். விளக்கொளி குடத்துள் குடமளவாகவும் அறையுள் அறையளவாகவும் பரவுதல் போல, உயிர் தான் பெற்ற உடலெங்கும் நிறைந்து நிற்கும் என்பது நம் ஆன்றோர் கொள்கை. ஈரலில் செய்த மாற்றத்தால் எழும் நோவை ஈரல் மட்டும் துய்ப்பதில்லை. ஐம்பொறிகளும் உடைய அவ்வுயிர் முழுவதும் துய்க்கின்றது.

இன்னொன்றும் எண்ணுதல் வேண்டும். தாய், தந்தை இரண்டும் குறியிட்ட மரபணுவை ஒற்றைப் பிரதியாகவும், அவற்றுள் ஒன்று கிரீ மரபணுவையும் ஒற்றைப் பிரதியாகவும் உடையனவாயின், வேண்டிய அமைப்புடன் பிறப்பது சராசரியாக எட்டில் 1 குட்டியே. எஞ்சியவற்றுள் சில ஒப்பீட்டுக்கு உதவும். பல, மிகை என்று கொல்லப்படுகின்றன.

அவ்வாறாயின் மருந்தே வேண்டாவா? பிணியுற்ற குழந்தைக்கு மருந்தை மறுத்தல் அறமன்று. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வினை வந்து சேரும் என்று கற்ற நாம், தேவையற்ற கொலைக்கு உடன்படலாகாது.

1959ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ரசல், பர்ச் என்னும் இருவர், விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். நம் இல்லங்களிலிருந்து உயிரியல் கற்கச் செல்லும் மக்கள் ஒவ்வோர் ஆய்வின் முன்னும் கேட்கட்டும்: வளர்ப்புச் செல்கள் போதாவா? எலி இன்றியமையாததெனின் எத்தனை? நோவைத் தணிக்க என்ன செய்தோம்?

இல்லத்திலிருக்கும் நாமோ மருந்தை வீணாக்காதிருப்போம். பிரதிக்கிரமணத்தின்போது, நம் நலத்திற்காக மாண்ட அச்சிற்றுயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுவோம்.

கொல்லாமை வளர்க! அருகன் அறம் வாழ்க!