சக கவிஞர் நடுவராகும்போது

இறையனார் களவியல் உரை பிறந்த கதை ஒரு வழக்கோடு பிணைந்தது. பாண்டிய நாட்டை வாட்டிய 12 ஆண்டுப் பஞ்சம் தீர்ந்தபின் ஆலவாய் இறைவன் அருளிய 60 சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் உரை கண்டார்கள். அவரவருக்கு அவரவர் உரையே சிறந்ததாகப் பட்டது. அரசனிடம் போய் நடுவர் ஒருவரைத் தரும்படி கேட்டார்கள். உங்கள் 49 பேருக்கும் நிகரானவர் உலகில் இல்லாதபோது நான் யாரைத் தேடுவேன் என்று அவன் கைவிரித்தான். கடைசியில் இறைவனே காட்டிய நடுவர் ஐந்து வயது ஊமைப் பிள்ளை, உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். மதுரை மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் விட்ட அந்தப் பிள்ளை, நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான்.

அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஓர் உரை கிடையாது. நண்பர் இல்லை, பகைவர் இல்லை, அடுத்த ஆண்டுப் பரிசில் பற்றிய கவலையும் இல்லை. இந்தக் கதைக்குள் கனமான ஒரு கேள்வி இருக்கிறது. கவிதையின் நுட்பம் கவிதை எழுதுபவருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் எழுதுபவருக்கு ஆசையும் பொறாமையும் நட்பும் உண்டு. பற்று இருப்பவரின் கையில் தராசைக் கொடுக்கலாமா? கடவுளை அழைத்து விடை கண்டது மதுரைக் கதை. ஜப்பானியக் கவிஞர்கள் மனிதர்களை மட்டும் வைத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள்.

அங்கே அரண்மனைகளில் 'உதா-அவாசே' என்ற கவிதைப் போட்டி நடந்தது. இடது, வலது என இரண்டு அணி. ஒரே தலைப்பில் ஆளுக்கொரு பாட்டு. வெற்றி, தோல்வி அல்லது சமன். 960ஆம் ஆண்டு முரகாமி பேரரசர் முன் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் நடுவர் ஃபுஜிவாரா நோ சனெயோரி திணறிப்போனார். தைரா நோ கானெமோரியின் பாட்டு, மிபு நோ தாதமியின் பாட்டு, இரண்டுமே மறைத்த காதலைப் பற்றியவை. பக்கத்தில் இருந்த பிரபுவிடம் கேட்டார். அவரும் வாய் திறக்கவில்லை. பேரரசர் கானெமோரியின் பாட்டை மெல்ல முணுமுணுப்பது காதில் விழுந்ததும் வெற்றி அந்தப் பக்கம் போயிற்று. சனெயோரியின் சங்கடம் நேர்மையானதுதான். ஆனால் அதிலிருந்து தப்ப அவர் அதிகாரத்தின் உதட்டைப் பார்த்தார். தோற்ற தாதமி மனமுடைந்து இறந்தார் என்று பிற்காலக் கதை ஒன்று சொல்கிறது. கதை உண்மையோ இல்லையோ, காரணம் சொல்லாத தீர்ப்பு எவ்வளவு வலிக்கும் என்பது அதைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1193ஐ ஒட்டி நடந்த '600 சுற்றுப் போட்டி' வேறு மாதிரி. 12 கவிஞர்கள், ஆளுக்கு 100 பாட்டு. நடுவர் ஷுன்ஸெய் எண்பதை நெருங்கிய முதியவர். போட்டியாளர்களில் ஒருவர் அவருடைய மகன் தெய்கா. இன்னொருவர் அவர் வளர்ப்பு மகன் ஜாகுரென். எதிர்முகாமின் கவிஞர் துறவி கென்ஷோவும் களத்தில் இருந்தார். இன்றைய கண்ணுக்கு இது அப்பட்டமான பாரபட்சத்துக்கான ஏற்பாடு.

ஷுன்ஸெய் தாம் பற்றற்றவர் என்று காட்டிக்கொள்ள முயலவில்லை. சுற்றுக்குச் சுற்று காரணம் எழுதினார். எந்தச் சொல் பொருந்தியது, எது தொனியைக் கெடுத்தது, எந்தப் பழைய நூல் அந்தச் சொல்லுக்குத் துணை நிற்கிறது என்று விளக்கினார். ஜப்பானின் பழம்பெரும் புதினமான 'கெஞ்சி கதை'யைப் படிக்காத கவிஞர் வருந்தத்தக்கவர் என்ற அவரது புகழ்பெற்ற கருத்து அப்படி எழுதிய ஒரு தீர்ப்பில்தான் வருகிறது. காரணம் எழுத்தில் இருந்ததால் கென்ஷோவால் அதற்கு விரிவான மறுப்பு எழுத முடிந்தது. தீர்ப்பும் மறுப்பும் இரண்டுமே இன்றுவரை படிக்கக் கிடைக்கின்றன. நடுவரின் மனம் தூய்மையானதா என்று யாரும் திறந்து பார்க்க முடியாது. அவர் சொன்ன காரணத்தைச் சோதிக்கலாம். நியாயம் பற்றிய பேச்சை மனத்திலிருந்து காரணத்துக்கு நகர்த்தியதே ஷுன்ஸெயின் பெரிய பங்களிப்பு.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு துறவிக் கவிஞர் சைக்யோ தம் பாடல்களைத் தாமே இரண்டிரண்டாக இணைத்து, தம்மோடு தாமே மோதும் இரண்டு போட்டிகளை அமைத்தார். ஒவ்வொன்றும் 36 சுற்று. இரண்டும் இசே கோயிலுக்குக் காணிக்கை. ஒன்றுக்கு நடுவர் ஷுன்ஸெய். மற்றொன்று இருபதுகளில் இருந்த தெய்காவிடம் போனது. எழுபதைத் தொட்ட பெருங்கவிஞரின் எந்தப் பாட்டு குறைந்தது என்று எழுத வேண்டிய இளைஞர் தயங்கினார். 1189இல்தான் முடித்துக் கொடுத்தார். மறு ஆண்டு சைக்யோ காலமானார். அந்தத் தாமதத்தைச் சோம்பல் என்று ஒதுக்க முடியாது. எடைபோடப்படுவது யாருடைய உழைப்பு என்று உணர்ந்தவருக்கு வரும் தயக்கம் அது.

ஹைக்கூ குழுக்களின் 'குகாய்' கூட்டம் இன்னொரு வழியைக் கண்டது. பெயரில்லாத சீட்டில் கவிதையை எழுதித் தருகிறார்கள். சீட்டுகளைக் கலைத்து, கையெழுத்தும் காட்டிக்கொடுக்காதபடி வேறொருவர் படியெடுக்கிறார். எல்லோரும் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வு வாசிக்கப்படும்போதுதான் எழுதியவர் பெயர் சொல்கிறார். நேற்று வந்தவரின் கவிதையை ஆசிரியர் தேர்ந்தெடுப்பதும், ஆசிரியருடையது யார் கண்ணிலும் படாமல் போவதும் அங்கே நடக்கக்கூடியவை.

ஒதுங்கிக்கொள்வதும் ஒரு முறை. ஸ்வீடிஷ் அகாதமியின் நிரந்தரச் செயலாளராக இருந்த கவிஞர் கார்ல்ஃபெல்ட் உயிரோடு இருந்தவரை நோபல் பரிசை ஏற்க மறுத்தார். 1931இல் இறந்தபின் அது அவருக்கு அளிக்கப்பட்டது. 1974இல் அதே அகாதமி தன் உறுப்பினர்களான எய்விண்ட் ஜான்சன், ஹாரி மார்ட்டின்சன் இருவருக்கும் பரிசைப் பகிர்ந்தளித்தது. எழுந்த கண்டனம் மார்ட்டின்சனை ஆழமாகக் காயப்படுத்தியது. அவருடைய கவிதையின் தகுதி பற்றிய பேச்சே அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. சாய்வின் சந்தேகம் தோற்றவரோடு நிற்காமல் வென்றவரையும் பிடிக்கிறது.

இன்று சிறுகதைப் போட்டிக்கு நடுவராக அமரும் எழுத்தாளருக்கும் இதே சங்கடம் உண்டு. பழகிய நடை தெரிந்துவிடும். தன்னைப் போல எழுதுபவர் மேல் மனம் சாயும். அவருக்கு உருத்திரசன்மனின் வெள்ளை மனம் வாய்க்காது. உறவினரின் கதை வந்தால் விலகலாம், பெயரை மறைக்கச் சொல்லலாம், தேர்ந்த கதைக்கும் நூலிழையில் தவறிய கதைக்கும் நாலு வரி காரணம் எழுதலாம். பரிசுப் பட்டியலோடு அந்த நாலு வரியையும் இதழ்கள் அச்சிட்டால், தோற்றவருக்குக் கென்ஷோவைப் போல எதிர்த்து வாதாட ஏதாவது கையில் இருக்கும்.